முதலில் ஓடுகிறவள்

அம்பயர் பியூலா விசிலை ஊதிவிட்டு இரண்டு கைகளையும் கோலைப் பார்த்து நீட்டினாள். பெனால்டி கார்னர். அவ்வளவுதான் விஷயம், ஒரு ஹாக்கி ஆட்டத்தில் ஏழெட்டு வரும், வந்துவிட்டுப் போகும், இதற்காக யாரும் செத்துப்போனதில்லை என்று செண்பகவடிவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கொட்டாவி வந்தது. பயம் வந்தால் கை நடுங்கும், நாக்கு வறளும் என்பார்கள். வடிவுக்குக் கொட்டாவி வரும், தாடை கழன்றுவிடுகிற மாதிரி, கண்ணில் நீர் முட்டுகிற மாதிரி. கூடவே கோலுக்குள் ஓடிவந்த இசக்கியம்மாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "பாருங்க கனியக்கா, இந்த நேரத்துலயும் வடிவக்காவுக்குத் தூக்கம் வருது." கோல்கீப்பர் தாமரைக்கனி தலைக்கவசத்துக்குள்ளிருந்து, "அவளுக்கென்னட்டி, பத்து வருசமா இதே சோலிதான" என்றாள். அவர்கள் குரலில் இருந்த நம்பிக்கை வடிவுக்கு எரிச்சலாக இருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் பத்து நொடி, இரண்டுக்கு ஒன்று என்று வடிவின் அணி முன்னால் நிற்கிறது, இதைத் தடுத்துவிட்டால் கோப்பை. கடிகாரத்தை நிறுத்திவிட்டார்கள். மாஸ்க்கையும் முட்டி உறையையும் மாட்டிக்கொண்டு கோட்டில் போய் நிற்க நாற்பது நொடி கொடுப்பார்கள். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் கோல் கோட்டில் நிற்க வேண்டும், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால். எதிரணியில் ஒருத்தி பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவாள், வட்டத்தின் உச்சியில் இன்னொருத்தி அதை நிறுத்துவாள், மூன்றாமவள் அதை மட்டையால் வாரியெடுத்துக் கோலுக்குள் வீசுவாள். அந்த வீசுகிறவளை நோக்கி, வருகிற பந்தை நோக்கி, நேராக ஓடிப்போக ஒருத்தி வேண்டும். ஃபர்ஸ்ட் ரன்னர் என்று அவளுக்குப் பெயர். மனுஷராய்ப் பிறந்தவர்கள் எல்லோரும் எதைக் கண்டு விலகுவார்களோ அதை நோக்கி ஓடுவதுதான் வடிவின் வேலை, அதற்காகத்தான் சர்க்கார் உத்தியோகம், அதற்காகத்தான் இந்தியச் சட்டை, அதற்காகத்தான் இன்றைக்குக் கோவில்பட்டிச் சனம் இந்த வெயிலில் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறது.

வலைக்குள் மாஸ்க்குகள் கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்தாள். பட்டை ஈரமாக இருந்தது, முந்தின கார்னரில் ஊறிய அவளுடைய வியர்வையேதான், இருந்தும் யாரோ போட்டுக் கழற்றியது போல அருவருப்பாக இருந்தது. செயற்கைப் புல் டர்ஃபுக்கு அடித்த தண்ணீர் சூட்டில் ஆவியாகி நனைந்த ரப்பர் வாடை அடித்தது. முட்டி உறையைக் கட்டும்போது விரல்கள் ஒழுங்காக வேலை செய்தன. அது இன்னும் மோசம், விரல் நடுங்கினாலாவது கனி பார்த்து ஏதாவது கேட்டிருப்பாள். வட்டத்தின் உச்சியில் எட்டாம் நம்பர் வந்து நின்றாள். வடக்கத்திப் பெண், ஆறடி இருப்பாள், மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. மூன்றாவது குவார்ட்டரில் இதே எட்டாம் நம்பர் வீசிய பந்து வடிவின் காதை ஒட்டிப் போய்க் குறுக்குக் கம்பியில் மோதி வெளியே பறந்தது. காதை ஒட்டி என்றால் எவ்வளவு ஒட்டி என்று பார்த்தவர்கள் யாருக்கும் தெரியாது. காதோரத்து முடி அசைந்தது. ஜனம் கைதட்டியது, அவளும் கையைத் தூக்கிக் காட்டினாள், அப்போதிருந்து அவளுக்குத் தாடை இருப்பது தெரிய ஆரம்பித்துவிட்டது. சாதாரணமாகத் தாடை இருப்பது யாருக்குத் தெரிகிறது. இப்போது அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரற்கடை விரற்கடையாகத் தெரிந்தது. நாக்கால் முன்பற்களைத் தடவினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இருக்கிறது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வந்தது என்பதுகூடப் பொய், காலையில் அம்பயர் பெயரைப் பலகையில் பார்த்ததிலிருந்தே உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது, இப்போது எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டது. முந்திப் போய்விடு.

முந்திப் போவது பெரிய சூழ்ச்சி ஒன்றுமில்லை. எதிரணிக்காரி பந்தைத் தள்ளுகிறவரை தடுக்கிறவர்கள் கோல் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அம்பயர் விசில் ஊதித் தாண்டினவளை நடுக்கோட்டுக்கு விரட்டிவிடுவார், அவளுக்குப் பதில் ஆள் கிடையாது, மிச்சமிருக்கிற நாலு பேரே அந்தக் கார்னரைச் சமாளித்துக்கொள்ள வேண்டும். அரை நொடி. அரை நொடி முன்னதாகக் காலை எடுத்து வைத்தால் போதும், அங்கே போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மற்றவர்கள் பாட்டை வேடிக்கை பார்க்கலாம். இதில் அழகு என்னவென்றால் யாரும் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல மாட்டார்கள். ஆர்வக்கோளாறு என்பார்கள். பின்னால் ஓடுகிறவளைத்தானே உலகம் கண்டுபிடிக்கும், முன்னால் ஓடித் தப்பிக்கிறவளை யார் கண்டுபிடிப்பது. அவள் போனால் முதலில் ஓட வேண்டியவள் இசக்கி. பத்தொன்பது வயது, முதல் ஃபைனல், மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பவள் மாதிரி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்க்கிறாள். இசக்கி நன்றாகத்தான் ஓடுவாள், என்னைவிட வேகம், ஒன்றும் ஆகாது, இன்றைக்கு எல்லோருக்கும் மாஸ்க் இருக்கிறது என்று நினைத்தாள் வடிவு. இன்றைக்கு எல்லோருக்கும் இருக்கிறது.

அன்றைக்கு ஒன்றுதான் இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால், திருச்சியில், இந்திய கேம்ப்புக்கு ஆள் பொறுக்க வந்தவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆட்டத்தில், அணிக்கே ஒரு மாஸ்க். முதலில் ஓடுகிறவள் போட்டுக்கொள்வாள், மற்றவர்கள் சாமியைக் கும்பிட்டுக்கொள்வார்கள். வடிவுக்கு இருபத்தொரு வயது. முந்தின நாள் ஒரு பந்து விலாவில் இறங்கி, மூச்சு போனது திரும்பி வர வெகு நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் அவள் எதையோ பார்த்துவிட்டாள், என்னவென்று சொல்லத் தெரியாது, அதன்பிறகு பந்து பழைய பந்தாக இல்லை. கோட்டில் நின்றாள். வலப்பக்கம் பின்கோட்டில் பந்து, இடப்பக்கம் தூரத்தில் அம்பயர், அவள் இடது தோளை ஒட்டிப் பியூலா. ஒரே ஹாஸ்டல், ஒரே தட்டில் சோறு, ஒருத்தி ஷூவை ஒருத்தி போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். அம்பயர் கை மேலே இருந்தது. அது இறங்கினால்தான் பந்தைத் தள்ளலாம். வடிவு பந்தைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் முகத்தைத் திருப்பி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை இறங்கியது. பந்து அசையவில்லை. அசையவில்லை என்று தெரிந்தேதான் ஓடினாள். விசில். "ஏய், போ போ, சென்டருக்குப் போ" என்று அம்பயர் விரட்டினார், வெளியே கோச் ஞானதுரை சார் தலையில் அடித்துக்கொண்டார். மாஸ்க் அவள் முகத்தில் இருந்தது. அதைக் கழற்றிப் பியூலாவிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டாள் பாவம் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். மறக்கவில்லை. பாதி தூரம் போனபோது ஞாபகம் வந்தது. திரும்பினால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள், முகத்தில் நிம்மதி இருக்கும், அதனால் திரும்பாமல் ஓடினாள். நடுக்கோட்டுக்குப் போய்த் திரும்பியபோது பியூலா வெறும் முகத்தோடு ஓடிவந்துகொண்டிருந்தாள். நல்ல ஓட்டம். வடிவு ஓடியிருந்தால்கூட அவ்வளவு நேராக ஓடியிருக்க மாட்டாள். சத்தம்தான் முதலில் கேட்டது, ஈரத்துணியைக் கல்லில் ஒரே ஒரு தடவை அடித்த மாதிரி.

கீழ்த்தாடை இரண்டு இடத்தில் விட்டிருந்தது, மேலே நாலு பல் போயிருந்தது. வடிவு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது பியூலாவின் வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள், ஸ்ட்ராவில் கஞ்சித் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மடியில் சிலேட்டு. "லிஸ்ட் வந்துட்டா?" என்று எழுதிக் காட்டினாள். வந்துவிட்டது, அதில் வடிவின் பெயர் இருந்தது. அந்தப் பொண்ணுக்குப் பயம்னா என்னன்னே தெரியல, கொஞ்சம் அவசரம், அதைச் சரிபண்ணிக்கலாம் என்று பொறுக்க வந்தவர் சொன்னாராம், ஞானதுரை சார் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைப் பியூலாவிடம் எந்த வாயால் சொல்வது. தலையை மட்டும் ஆட்டினாள். பியூலா போர்வை நுனியால் சிலேட்டை அழித்தாள், அழித்த இடத்தையே திரும்பத் திரும்ப அழித்தாள், பிறகு எழுதினாள். "ட்ரீட் எப்போ?" வடிவு சிரித்தாள். அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டு, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தாள். செய்த காரியத்துக்குக்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது, வயசு, விலா வலி, ஒரே மாஸ்க் வைத்திருந்தவர்கள் தப்பு என்று. அந்தச் சிரிப்புக்கு இன்றுவரை ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.

"முப்பது செகண்ட்" என்று வெளியிலிருந்து யாரோ கத்தினார்கள். இன்னும் முப்பதா, முப்பது முடிந்துவிட்டதா. அதன்பிறகு அவள் முந்தியதே இல்லை. டீமில் முந்திரிக்கொட்டை என்று கூப்பிட்டார்கள், செல்லமாகத்தான், அவள் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டுவாள். பயமில்லாதவள் என்று பெயர் எடுத்துவிட்டால் அப்புறம் அந்தப் பெயருக்கு வேலை செய்ய வேண்டும். இந்தியாவுக்கு முப்பத்தொரு ஆட்டம், எல்லாவற்றிலும் அவளைத்தான் முதலில் ஓட விட்டார்கள். இடது சுண்டுவிரல் இரண்டு தடவை ஒடிந்தது, கணுக்கால் பெயர்ந்தது, தொடையில் பந்தின் புள்ளிக்குழிகள் பதிந்த நீலம் ஒன்று வாரக்கணக்கில் கிடந்தது. ஒவ்வோர் அடியும் படும்போது ஒரு சின்ன திருப்தி, கணக்குத் தீர்வது போல, ஆனால் முகத்தில் மட்டும் ஒன்றும் படவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. பியூலா திரும்ப ஆட வந்தாள், ஒரு வருஷம் முட்டி மோதினாள், பந்து உயர்ந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று உட்காரவைத்துவிட்டார்கள். அம்பயர் பரீட்சை எழுதினாள். பெரிய ஆட்டங்களுக்கு வர எட்டு வருஷம் ஆயிற்று, வடிவின் ஆட்டத்துக்கு இன்றுதான் முதல் தடவை. இன்றுதான் வடிவின் கடைசி ஆட்டமும். ஜூன் முதல் தேதியிலிருந்து ஆபீசில் தபால் பிரிவு, நாற்காலி, மின்விசிறி. இன்றைக்கா இவளைப் போட வேண்டும். காலையில் சாமான்களைச் சோதிக்க வந்த பியூலா மட்டைகளை அளவு வளையத்தில் நுழைத்துப் பார்த்தாள், கையுறைகளைப் புரட்டினாள். "மாஸ்க் எத்தனை இருக்கு?" என்றாள். "ஆறு, மேடம்." "எண்ணிக் காட்டுங்க." எல்லா அணியிடமும் அப்படித்தான் கேட்பாளாம். எண்ணாமல் விடமாட்டாளாம், மற்ற அம்பயர்கள் கேலிகூடச் செய்வார்களாம். வடிவு ஒன்றொன்றாக எடுத்து வைத்தாள், ஆறாவது கையிலிருந்து நழுவி விழுந்தது, பியூலா குனிந்து எடுத்துக் கொடுத்தாள். முன்பற்கள் நாலும் மற்றவற்றைவிட வெள்ளையாக, ஒரே அளவாக இருந்தன. எண்ணச் சொன்னது தெரிந்து சொன்னதா, தெரியாமல் சொன்னதா. பத்து வருஷமாக எங்கே பார்த்தாலும் "எப்படி இருக்க, வீட்ல சவுக்கியமா" என்று கேட்கிறாளே, தெரிந்தவள் அப்படிக் கேட்பாளா. தெரியாதவள் எதற்கு எண்ணச் சொல்ல வேண்டும். தெரியாது, யாருக்கும் தெரியாது, மாஸ்க்குக்குள் இருக்கிற முகம் எங்கே திரும்பியிருந்தது என்று எவள் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"நம்பர் லெவன், பட்டையை இறுக்குங்க." பியூலாவின் குரல் இடப்பக்கத்திலிருந்து வந்தது. இசக்கி தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் இறுக்கினாள். ஐந்து பேரும் கோட்டில் நின்றாகிவிட்டது. அதே இடம், வலப்பக்கம் பந்து, இடப்பக்கம் அம்பயர், இடது தோளை ஒட்டி ஒருத்தி. கை இறங்கும்போது போய்விடு. இன்றோடு முடிகிறது, நாளைக்கு யார் கேட்கப் போகிறார்கள், கோல் விழுந்தால்கூடச் சமன்தான், இசக்கிக்கு மாஸ்க் இருக்கிறது, பட்டையைக்கூட இறுக்கிக்கொண்டாள். கையைப் பார், இறங்குகிற கணத்தைப் பிடி, கால் தானாகப் போகும், காலுக்குப் பழக்கம் இருக்கிறது. எட்டாம் நம்பர் முட்டியை மடக்கித் தாழ்ந்தாள். சிவப்புக் கயிறு. வடிவுக்கு மறுபடியும் கொட்டாவி வந்தது, மாஸ்க்குக்குள் மூச்சு படர்ந்து எல்லாம் மங்கித் தெளிந்தது. போவதென்று முடிவு செய்துவிட்டாள். இதில் சந்தேகம் வேண்டாம், போவதென்றே முடிவு செய்தாள். கையைப் பார்ப்பதற்காகக் கழுத்தை இடப்பக்கம் திருப்பப் பார்த்தாள். கழுத்து திரும்பவில்லை. அந்தப் பக்கம் திரும்பினால் கை மட்டுமா தெரியும், கைக்குக் கீழே முகம் இருக்குமே. அந்த ஒரே அளவான நாலு பற்கள் இருக்குமே. வேறு எந்த அம்பயர் கையைப் பார்த்தும் ஓடலாம், அந்தக் கையைப் பார்த்து ஓட முடியாது. திரும்பு என்றாள், திரும்பவில்லை. இடப்பக்கம் அடைத்துப்போனதால் பார்ப்பதற்கு வலப்பக்கம்தான் மிச்சமிருந்தது, அங்கே வெள்ளையாகப் பந்து இருந்தது, அதைப் பார்த்தாள், வேறு வழியில்லாமல் பார்த்தாள், அது அசைந்தது.

ஓடினாள். ஓடும்போது நினைப்பு எதுவும் இருக்காது என்பார்கள், அதுவும் பொய். தபால் பிரிவில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நினைத்தாள். பந்து நிறுத்தப்படுவது தெரிந்தது, எட்டாம் நம்பரின் முதுகு வளைந்தது, மட்டை நீண்டு பின்னாலிருந்து வாரிக்கொண்டு வந்தது, வடிவு மட்டையைத் தாழ்த்தி, முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடாமல் அதன் வழியிலேயே போனாள். இடது காலில், முட்டி உறைக்குக் கீழே, யாரோ கடப்பாரையால் போட்டது போல இறங்கியது. ஒரு கால் காணாமல் போய், டர்ஃபின் ஈரம் கன்னத்தில் பட்டது. பந்து எங்கோ பக்கவாட்டில் உருண்டது. விசில். ஜனம் எழுந்து நின்று கத்தியது. தலையை நிமிர்த்தினாள், பியூலாவின் இரண்டு கைகளும் மறுபடி கோலைப் பார்த்து நீண்டிருந்தன. முட்டிக்குக் கீழே பட்டால் இன்னொரு கார்னர் கொடுப்பார்கள். நாலு விரற்கடை மேலே பட்டிருந்தால் பந்து இவர்களுடையது, ஆட்டம் முடிந்த மாதிரிதான். முடியவில்லை. எழுந்துபோய் இதையே மறுபடி செய்ய வேண்டும் என்று தெரிந்ததும் வடிவுக்கு அழுகை வந்தது, வலியால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

பியூலா ஓடிவந்து பக்கத்தில் குந்தினாள். "நம்பர் ஃபைவ், அடி பலமா? பிசியோவைக் கூப்பிடவா?" "வேண்டாம், மேடம்." கனியும் இசக்கியும் வந்துகொண்டிருந்தார்கள், அவர்கள் வந்து சேர இன்னும் ஏழெட்டு அடி இருந்தது. பியூலா காலுறையைக் கீழே தள்ளி அடிபட்ட இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள், எலும்பு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. முகத்தைத் தூக்காமலே சொன்னாள், மேடத்தின் குரலில் இல்லை, ஹாஸ்டல் குரலில்.

"ஏட்டி, இன்னைக்குப் பந்தைப் பாத்துல்லா ஓடுன."

மைதானத்தின் சத்தம் முழுக்க ஒரு கணம் எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது. அன்றைக்கு இடது தோளை ஒட்டி நின்றவள். அம்பயர் கையைப் பார்க்கத் திருப்பிய முகம் அவளுக்கு நேராகத்தானே இருந்தது. மாஸ்க் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே கண் எங்கே போகிறது என்றுகூடத் தெரியும். சிலேட்டை அவ்வளவு நேரம் அழித்தாளே. "ட்ரீட் எப்போ" என்று எழுதும்போதே அவளுக்குத் தெரியும். இவள் சிரித்ததை எல்லாம் தெரிந்தேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைத் திறக்க முடியாமல், ஸ்ட்ராவைப் பிடித்துக்கொண்டு. "பியூலா," என்றாள் வடிவு, பத்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் நடுங்கியது, "நான் அன்னைக்கு..." பியூலா எழுந்துவிட்டாள். கனியும் இசக்கியும் வந்துவிட்டார்கள். "லைனுக்குப் போங்க, நம்பர் ஃபைவ்," என்றாள், "நாப்பது செகண்டுதான்."

இசக்கி கை கொடுத்துத் தூக்கினாள். "அக்கா, முடியலேன்னா நான் ஃபர்ஸ்ட் ஓடவா? நெசமாத்தான் கேக்கேன்." அவள் நிஜமாகத்தான் கேட்டாள், கண்ணில் ஆசைகூட இருந்தது. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், கால் வீங்கத் தொடங்கியிருந்தது, இதைவிட நல்ல காரணம் இனிக் கிடைக்காது. "நீ செகண்டு" என்றாள் வடிவு. நொண்டிக்கொண்டு போய்க் கோட்டில் நின்றாள். பயம் குறைந்தபாடில்லை, சொல்லப்போனால் கூடியிருந்தது, கொட்டாவி வந்தது, அதை அடக்கவில்லை. பியூலாவின் கை மேலே போனது. இந்தத் தடவை கழுத்து திரும்பியது. இடப்பக்கம் திரும்பி, கையை விட்டுவிட்டு, கைக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தாள், அந்த முகமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வலப்பக்கம் திரும்பிப் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.